எந்தப் பூசணி நல்ல பூசணி?

மருதனார்மடச் சந்தையிலே சிறிது நேரம் நின்று கவனிப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். பெரும் பூசணிக்காயைக் கண்டு வியந்து நிற்போர் பலர். அதனை முழுதாக வாங்கிச் செல்வோர் மிகச் சிலர். வியாபாரி கத்தியைப் போட்டுத் துண்டு துண்டாக வெட்டி வைத்த பின்னரே அது விலைபோகும். பக்கத்திலே கிடக்கும் சிறிய காயை எடுப்பவரோ பேசாமல் பையிற் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். பார்க்கும் கண்ணுக்கு ஒரு பூசணி, சமைக்கும் வீட்டுக்கு இன்னொரு பூசணி என்றால், பயிரிடுபவர் யாருக்காக விதைப்பது?

உடுவிலைச் சேர்ந்த மாணவி ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுவேதான். அவருடைய வீட்டு வளவிலே, கிணற்றடியை அடுத்து, ஒரு பரப்புச் செம்மண் நிலம் வெறுமையாகக் கிடக்கின்றதாம். கையிலே மூவகை விதைகள் இருக்கின்றன. அம்மம்மா சாம்பல் பிரட்டித் தகரப் பேணியில் வைத்திருந்த வீட்டு விதை ஒன்று. கடையில் வாங்கிய கலப்பின விதை ஒன்று. கறிக்கு வாங்கிய காயிலிருந்து வழித்தெடுத்துக் காயவைத்த விதை மற்றொன்று. "இவற்றுள் விளைச்சல் கூடியது எது? உருசியானது எது? நோயைத் தாங்குவது எது?" என்று மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சிற் கேட்டுவிட்டார். மூன்றுக்கும் ஒரே விதை விடையாகாது என்பதையே நாம் முதலிற் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு முன்னதாகப் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். நம் முன்னோர் தொன்றுதொட்டு அறிந்த பூசணி, நீறு பூத்தாற்போன்ற தோலையுடைய நீற்றுப்பூசணியே. நாம் இங்கே பேசுவது மஞ்சட் சதையுடைய இனிப்புப் பூசணியை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிக்கோ நாட்டின் ஒஹாக்கா மாநிலத்துக் குகையொன்றிலே கிடைத்த பூசணிக் குடும்பத்து விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழமை வாய்ந்தவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். ஐரோப்பியர் கப்பலேறி நம் பக்கம் வந்த பின்னர் வந்தமையாற் போலும், தமிழகத்தார் அதற்குப் பரங்கிக்காய் என்று பெயரிட்டனர். யாழ்ப்பாணத்திலோ வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் பெயரையே எடுத்துக்கொண்டது!

இனி விளைச்சலைப் பார்ப்போம். காய் பெரிதானால் விளைச்சலும் பெரிது என எண்ணுவது பொதுவான மயக்கம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இனங்களுள் கோ.1, கோ.2 என்னும் இரண்டை எடுத்துக்கொள்வோம். கோ.1 இனத்தின் காய் 7 முதல் 8 கிலோ நிறையுடையது. கோ.2 இன் காய் ஒன்றரை முதல் 2 கிலோவுக்கு மேற்படாது. கோ.1 ஹெக்டேருக்கு 28 முதல் 30 தொன் தரும். ஆனால் அதற்கு 175 நாட்கள் வேண்டும். கோ.2 தருவது 23 முதல் 25 தொன். நாட்களோ 135 தாம். மொத்த நிறையைப் பார்த்தால் முன்னதே வெல்கின்றது. நாட்கணக்கால் வகுத்துப் பார்த்தாலோ, முன்னது நாளொன்றுக்கு ஏறத்தாழ 166 கிலோவும் பின்னது 178 கிலோவும் தந்திருக்கக் காண்போம். சிறிய காய் மெல்ல முந்திவிடுகிறது.

ஆறில்லாத குடாநாட்டிலே இந்த 40 நாள் வேறுபாடு அற்பமானதன்று. நமக்குள்ளது சுண்ணாம்புக் கல்லின் கீழ்த் தேங்கிய மழைநீர் மட்டுமே. துலா மிதித்த காலத்தில் அந்த 40 நாளும் மனிதரின் காலை வருத்தின; நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் பணப்பையை வருத்துகின்றன. ஹெக்டேர் ஒன்று ஏறக்குறைய 40 பரப்பாகும். ஆகவே கோ.2 இனத்தின் கணக்கை நம் மாணவியின் ஒரு பரப்புக்கு மாற்றினால் சுமார் 600 கிலோ வரும். ஆராய்ச்சி நிலையத்தின் கவனிப்பிற் கிடைத்த எண் அது. வீட்டு வளவில் அதிற் பாதி கிடைத்தாலும் ஊருக்கெல்லாம் பங்கிடலாம்.

வெறும் நிறைதான் வேண்டுமெனில் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். 2023 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் நடந்த போட்டியொன்றில் 1,247 கிலோ நிறையுள்ள பூசணி அப்போதைய உலக சாதனையைப் படைத்தது. நிறைக்கென்றே வளர்க்கப்படும் வேறோர் இனம் அது. அதன் சுவையை எவரும் புகழ்ந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்க்கா சூரியமுகி' ஏறக்குறைய ஒரு கிலோக் காயைத் தருவது. 100 நாளில் முடிவது. பழ ஈயைத் தாங்குவது. அதே நிறுவனத்தின் 'அர்க்கா சந்தன்' 2 முதல் 3 கிலோக் காயும் கரோட்டின் மிக்க சதையும் உடையது. நம் நாட்டு விவசாயத் திணைக்களம் 'ருகுணு' முதலிய இனங்களைச் சிபாரிசு செய்துள்ளது. இவற்றின் விளைச்சல் எண்களையெல்லாம் ஒரே தாளில் வரிசையாக எழுதி, மிகப் பெரிய எண்ணை வட்டமிட்டு, அதுவே சிறந்த இனம் எனத் தீர்ப்புச் சொல்வது தவறு. ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு மண்ணிலும் மழையிலும் எருவிலும் பிறந்தது. வெவ்வேறு பாடசாலைகளில் வெவ்வேறு வினாத்தாளுக்குப் பெற்ற புள்ளிகளை ஒப்பிட்டு எவர் கெட்டிக்காரர் என்று தீர்மானிக்கலாமா?

தரத்தைப் பற்றி வீட்டுப் பெண்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை. வெட்டியவுடன் சதை தடித்து, நிறம் ஆழ்ந்து, விதைக்குழி சிறுத்திருந்தால் நல்ல காய். தேங்காய்ப்பால் விட்டு இறக்கும்போது கரைந்து நீராகிவிட்டால் அது சட்டிக்குப் பாரம். மஞ்சள் ஆழ்ந்திருப்பது கரோட்டினைக் காட்டும். நம் உடல் அதனை வைற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றது. எனினும் சுவைக் குறைவு எல்லாம் இனத்தின் குற்றமன்று. பிஞ்சு முற்றுமுன் அவசரப்பட்டு வெட்டினால் எந்த இனமும் சப்பென்றுதான் இருக்கும். நகத்தால் அழுத்தித் தோல் இடங்கொடாதபோது, இரண்டங்குலக் காம்போடு அறுத்துக் காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்தால், முற்றிய காய் இரண்டு மூன்று மாதம் கெடாமலிருக்கும்.

நோயைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மழை நாட்களில் இலை அழுகும். மார்கழி, தை மாதப் பனிக் குளிரில் இலைமேல் மாவைத் தூவியதுபோல வெண்பூஞ்சணம் படரும். வெயில் ஏறியதும் வெள்ளை ஈயும் அசுவினியும் வந்து, இலையில் மஞ்சட் கோலமிடும் வைரசு நோய்களைக் கொடிக்குக் கொடி காவிச் செல்லும். பழ ஈயோ பிஞ்சிலே துளையிட்டு முட்டையிடும். உதிர்ந்த பிஞ்சைப் பொறுக்கி ஆழப் புதைக்காவிடின் அதன் சந்ததி பெருகும். ஆகையால், "இந்த இனம் நோயைத் தாங்கும்" என்று விதைப்பையில் எழுதியிருந்தால், எந்த நோயை என்று கேட்க வேண்டும். பழ ஈயைத் தாங்குவது வெண்பூஞ்சணத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. தாங்குதல் என்பது நோய் வாராமையும் அன்று. வந்தாலும் கொடி காய்த்து முடிக்கும் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இந்தத் தாங்குந் திறன் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் மாணவர் வியப்படைவர். பூசணிக் கொடிகளை நாசமாக்கும் வைரசு ஒன்று 1981 இல் ஐரோப்பிய ஆய்வாளரால் விவரிக்கப்பட்டது. அதனைத் தாங்கும் மரபணுவைத் தேடியவர்களுக்கு அது புதிய கலப்பினம் எதிலும் அகப்படவில்லை. 'நைஜீரியன் லோக்கல்' என்னும் ஆபிரிக்க ஊர்ப் பூசணியிலும், 'மெனினா' என்னும் போர்த்துக்கேயக் குடியானவர் பூசணியிலுமே அது கிடைத்தது. வெண்பூஞ்சணத்தைத் தாங்கும் குணத்தை மெக்சிக்கோவின் கசப்பான காட்டுப் பூசணி ஒன்றிலிருந்து அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் எடுத்தனர். பேர் தெரியாத ஒரு கிழவி சட்டியிலே வைத்துக் காத்த விதைதான், பின்னர் உலகச் சந்தைக்குப் போகும் இனங்களுக்கு உயிர் கொடுத்தது. உடுவில் அம்மம்மாவின் பேணியில் என்ன இருக்கின்றது என்பதை இன்னும் எவரும் சோதித்ததில்லை.

சோதிப்பது எப்படி? மாணவிக்கு நாம் கூறிய முறை இதுதான். ஒன்பது குழிகள் வெட்டுக. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மாட்டெருவும் பூவரசங் குழையும் இடுக. ஒரே விதையை அடுத்தடுத்து மூன்று குழியில் நடலாகாது. வாய்க்காலின் தலைப்பிலுள்ள குழிக்கு நீர் கூடுதலாகக் கிடைக்கும், வேலியோரக் குழியில் கிளுவை நிழல் விழும். ஆகவே ஒவ்வொரு விதையின் பெயரையும் மும்மூன்று சீட்டில் எழுதிச் சுருட்டி, வீட்டுக் குழந்தையைக் கொண்டு திருவுளச்சீட்டு எடுப்பிக்க. வேடிக்கை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1920 களில் ஆர். ஏ. பிஷர் என்னும் அறிஞர் நிலைநாட்டிய விஞ்ஞான முறை இதுவே.

பிறகு ஒரு கொப்பி வேண்டும். முதற் பெண்பூ மலர்ந்த நாள், கொடிக்கு எத்தனை காய், ஒவ்வொன்றின் நிறை, எந்த வாரத்தில் எத்தனை இலையில் நோய் கண்டது, கொடி என்று வாடியது ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. இறுதியில் மூன்று காயிலும் ஒரேயளவு துண்டை உப்பின்றி அவித்து, எது எதுவென்று சொல்லாமல் வீட்டாருக்குக் கொடுக்க. தாத்தா தம் பழைய விதையை அடையாளங் கண்டுகொள்வதாகச் சவால் விடுவார், விடட்டும். ஐயமுள்ள நோயிலையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவதற்கு உடுவிலிலிருந்து அதிக தூரமில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூன்றையும் ஒரே வளவில் நட்டால் தேனீ அவற்றை ஒன்றோடொன்று கலந்துவிடும். உண்ணும் காய்க்கு அதனால் மாற்றமில்லை. உள்ளிருக்கும் விதை மாறிவிடும். கலப்பினக் காயின் விதை அடுத்த போகத்தில் தாயைப் போல அமையாது என்பது பலருக்குத் தெரியும். சந்தைக் காயின் விதையோ தந்தை யாரென்று தெரியாதது. அம்மம்மாவின் விதையும் ஒரே போகத்தில் தன் குணத்தை இழக்கக் கூடும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அது ஏற்கனவே ஒருமுறை இழந்துபோக இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, உடுவில் வீடுகளும் வெறுமையாயின. மறுவருடம் சித்திரைக்குப் பின் அந்தக் குடும்பம் திரும்பி வந்தபோது வளவில் கொடியுமில்லை. அடுக்களையில் விதைப் பேணியுமில்லை. தென்மராட்சியில் மணமுடித்திருந்த தங்கைக்கு முன்னொரு பொங்கலுக்குக் கொடுத்த ஒரு கைப்பிடி விதையே மீண்டு வந்தது. இன்று பேணியில் உள்ளது அதன் வழி வந்தது. மாணவி இதனைச் சொல்லியபோதுதான் அவர் எந்த விதையைப் பற்றி உண்மையில் கவலைப்படுகிறார் என்பது நமக்கு விளங்கிற்று.

ஆகவே கையால் மகரந்தம் சேர்க்கச் சொன்னோம். மாலையிலே நுனி மஞ்சளித்து மறுநாள் விரியவிருக்கும் அரும்புகளைத் தேர்ந்து, அடியில் சிறு பிஞ்சுள்ள பெண்ணரும்பையும், அதே இனத்து வேறொரு கொடியின் ஆணரும்பையும் நூலாற் கட்டிவிட வேண்டும். விடியற்காலை ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவி, தேனீ புகாதவாறு பெண்பூவை மீண்டும் கட்டுக. வெயிலேறுமுன் பூ சுருங்கிவிடும். சோம்பினால் அன்றைய வாய்ப்புப் போயிற்று. காம்பிலே ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டால் அந்தக் காயைக் கறிக்கு அறுக்கமாட்டார்கள். முற்றிய பின் சில வாரம் வைத்திருந்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்துக. நன்கு உலர்ந்த விதை நாலைந்து ஆண்டு முளைதிறன் குன்றாதிருக்கும்.

அவ்விதையைச் சரிபாதியாகப் பங்கிட்டு, ஒரு பங்கைத் தென்மராட்சிக்குக் கொடுத்தனுப்புமாறும் சொல்லியிருக்கிறோம்.