பணம் கட்டும் பக்கத்தில் தோட்டத்துக்கும் இடம் வேண்டும்

தீபாவளி நெருங்கினால் கெடாவில் முறுக்கும் நெய் உருண்டையும் சேலையும் முகநூலிலும் புலனத்திலும் விறுவிறுவென விலை போகின்றன. சிலர் சொந்தமாக இணையக் கடையே திறந்துவிட்டனர். படம் பிடிக்கவும் பக்கத்தை அழகாக்கவும் ஒரு வாரம் செலவிடுகிறவர்கள், பணம் கட்டும் பகுதியை மட்டும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். தன் வங்கிக் கணக்கு எண். அதன் கீழே, 'பணம் போட்டுவிட்டு ரசீதை அனுப்பவும்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

யாரால் பொருள் வாங்க முடியும், பணம் வராவிட்டால் யார் நட்டப்படுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு வரியிலேயே பதில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருள்களில் நாமே பெயர் வைத்துக் கட்டண முறையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், அது பணத்தை வசூலித்துத் தராது. நாம் எழுதிய குறிப்பைக் காட்டி, பணம் இன்னும் வரவில்லை என்று ஆர்டரைப் பதிந்துவைக்கும். வந்ததும் நாம்தான் மாற்ற வேண்டும். தோட்டத்து மளிகைக் கடையின் 555 புத்தகம் செய்த வேலைதான் இது. ஒரு வேறுபாடு: அந்தக் கடைக்காரருக்கு ஆளையும் தெரியும், சம்பள நாளும் தெரியும்.

ரசீதுப் படத்தைக் கைப்பேசியிலேயே நிமிடத்தில் திருத்திவிடலாம். ஆகவே பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கை, படத்தையல்ல. பண்டிகை வாரத்தில் மாவு பிசையும் கையோடு இதை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது எளிதல்ல.

பேநெட் நடத்தும் எஃப்பிஎக்ஸ் முறையில் இந்தத் தொல்லை இல்லை. வாங்குபவர் தம் வங்கியின் பக்கத்திலேயே பணம் கட்டுகிறார். உறுதிச் செய்தி நேராகக் கடைக்கு வந்துவிடுகிறது. இடைநிலை நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு. ஒரு பரிவர்த்தனைக்கு 1 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 10 வெள்ளி முறுக்குப் பொட்டலத்தில் அது பத்து விழுக்காடு. 200 வெள்ளி சேலையில் அரை விழுக்காடுதான். சேலைக்காரருக்குப் பொருந்துவது முறுக்குக்காரருக்குப் பொருந்தாது. சிறு தொகைக்கு டூயிட்நவ் கியூஆர் கைகொடுக்கும். வங்கிச் செயலி, மின்பணப்பை இரண்டிலிருந்தும் கட்டலாம்.

இணைய வங்கியே இல்லாத பாட்டி, தாத்தாக்களை என்ன செய்வது? பீடோங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் கையில் ரொக்கத்தோடு காத்திருப்பவர்கள் அவர்கள். பேரப்பிள்ளைக்குச் சேலை எடுப்பவர்களும் அவர்கள்தாம். எல்லாருக்கும் 'பொருள் வந்ததும் பணம்' என்று திறந்துவிட்டால், ஜொகூரிலிருந்து ஆர்டர் செய்துவிட்டு வாங்க மறுப்பவரின் பார்சல் செலவும் விற்பவர் தலையில் விழும். இதற்கு வழி இருக்கிறது. வூகாமர்ஸில் விநியோக வட்டாரத்தை அஞ்சல் குறியீட்டால் பிரிக்கலாம். அந்த வட்டாரத்துக்கு மட்டும் ரொக்க முறை தெரியும்படி வைக்கலாம். சுங்கை பட்டாணியில் இருப்பவர் 08000, 08100, 09400 என்று தாமே போய் வரக்கூடிய ஊர்களை மட்டும் சேர்த்தால் போதும். சொல்லிச் செய்யும் பலகாரத்தைத் திரும்ப விற்க முடியாது. பெரிய ஆர்டருக்கு முன்பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வாங்குபவர் பக்கமும் அச்சம் இருக்கிறது. கடைக்கு ஒரு பெயர், கணக்குக்கு வேறொரு பெயர் என்றால் தயங்கத்தான் செய்வார்கள். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண் மீது புகார் உண்டா என்று பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே 997 எண்ணை அழைக்க வேண்டும்; தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும். விற்பவர் தம் பெயர், பதிவு எண், முழு விலை, கட்டண முறை ஆகியவற்றைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது இணைய வணிக விதிமுறைகளிலேயே உள்ளது. வீட்டிலிருந்து விற்கும் நம்மவர் பலரின் பக்கங்களில் அந்தப் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள்.