கொட்டகையில் கிடக்கும் பழைய புல்லட்டை வாங்கலாமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் 1978-ம் ஆண்டு புல்லட் 350 ஒன்று 12 வருடங்களாக நிற்கிறது. ஓட்டிய பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் 60,000 ரூபாய் சொல்கிறார். கறவை மாடு வாங்க எடுத்து வைத்த பணத்தில் இதை வாங்கலாமா, தினமும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக உதவுமா என்பது கேள்வி.

பால் கேனுக்கு என்றால் வேண்டாம். மாட்டையே வாங்கிவிடலாம். 12 வருடம் நின்ற வண்டி, சரி செய்த பிறகும் சில மாதங்களுக்கு ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். காலை 6 மணிக்குப் பால் கொண்டு போகிறவருக்கு அது ஒத்துவராது. ஆனால், கேள்வியில் பாதி ஆசையும் தெரிகிறது. 1956-ல் திருவொற்றியூரில் தயாரிப்பைத் தொடங்கிய வண்டி. ஊரில் யார் வருகிறார் என்று சத்தத்தை வைத்தே சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஆசைக்காக வாங்குவதும் தவறில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம்.

எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்க வேண்டும். எஞ்சினைக் காசு போட்டுச் சரி செய்துவிடலாம். காகிதம் இல்லாத வண்டியை எந்த மெக்கானிக்கும் சரி செய்ய முடியாது. அதை ரோட்டில் ஓட்டவும் முடியாது, நாளைக்கு இன்னொருவருக்கு விற்கவும் முடியாது.

இங்கே உரிமையாளர் உயிரோடு இல்லை. எனவே மகன் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதாது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து, படிவம் 31 மூலம் வண்டி முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். "அம்மாவும் அக்காவும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணா" என்று மகன் சொல்வார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால், வண்டி பளபளவென்று தயாராகி ஊருக்குள் ஓடும்போதுதான் அக்காவுக்கு அப்பா ஞாபகம் வரும். கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பதிவு எந்த ஆண்டு வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. 15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணம் மாதக்கணக்கில் ஏறும், பசுமை வரியும் சேரும். அடுத்தது, பழைய வங்கிக் கடன் குறிப்பு. கடனை என்றோ கட்டி முடித்திருப்பார்கள், புத்தகத்தில் அடிக்காமல் விட்டிருப்பார்கள். அப்படியானால் வங்கியிடம் படிவம் 35 வாங்க வேண்டும். மூன்றாவது, சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும். துருவைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். சிக்கனத்துக்காக டீசல் எஞ்சின் மாட்டிய புல்லட்டுகள் அந்தக் காலத்தில் கிராமங்களில் உண்டு. பிறகு கிடைத்த ஏதோ ஒரு பெட்ரோல் எஞ்சினைத் திரும்ப மாட்டியிருப்பார்கள். எண் பொருந்தாவிட்டால் விலை பேசவே வேண்டாம்.

பழைய புத்தகத்தின் விவரம் கணினியில் ஏறாமலும் இருக்கலாம். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, வராவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் விசாரித்து, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

'விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம்' என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் முடிந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்குத்தான் அது. 1978 வண்டிக்கு 2028-ல்தான் அந்த வயது வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். அதைவிட முக்கியம், அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினப்படி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

காகிதம் சரியாக இருந்தால் சாய்ப்புக்குப் போகலாம். 'இரண்டு உதை உதைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும்' என்பார்கள். உதைக்கவே கூடாது. பிஸ்டன் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருந்தால், உடம்பின் எடையைப் போட்டு உதைப்பதில் கிக்கர் பல்லோ பிஸ்டன் ரிங்கோ உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி இரண்டு, மூன்று நாள் விட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால், பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். அசையவே இல்லையென்றால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். விலையில் அதைக் கழித்தே பேச வேண்டும்.

சுற்றலாகச் சுற்றினாலும் பழைய ஆயிலோடு ஸ்டார்ட் செய்யக் கூடாது. நின்ற புல்லட்டில் ஆயில் மெல்ல கிராங்க் கேஸுக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். அதை வடித்து, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் கிக்கரைக் கையால் பலமுறை சுற்ற வேண்டும். மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தினால் அங்கே ஆயில் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளக்கை மாட்டலாம்.

வண்டி எதன் பக்கத்தில் நின்றது என்பதும் முக்கியம். பொட்டாஷ் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் ஸ்போக்ஸும் ரிம்மும் பார்த்தாலே தெரியும்; உரத்தில் உள்ள உப்பு இரும்பைத் தின்றுவிடும். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, பித்தளைப் பாகங்களையும் செம்புக் கம்பிகளையும் கெடுக்கும். சைலன்ஸருக்குள் குளவிக்கூடு, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி வளை, கடித்துப் போட்ட ஒயர்கள் எல்லாம் சாய்ப்பு வண்டிக்குச் சாதாரணம். ஒயரிங்கைப் புதிதாகவே போட்டுவிடுவது நல்லது.

டேங்க்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கூடவே கூடாது. உள்ளே செந்துரு இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் திரும்பத் திரும்ப அடைக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவதுதான். ஆனால், 1978-ல் செய்த ரப்பர் குழாய்க்கும் வாஷருக்கும் அது ஒத்துக்கொள்ளாது, ஈரத்தையும் இழுக்கும். குழாய், வாஷர்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, வண்டியை வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும்.

டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். மாற்றாமல் ஓட்டக் கூடாது. கிளட்ச், பிரேக் கேபிள்களும் பிரேக் ஷூவும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. இந்த வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய பையன் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் கியர்தான் மாறும், வண்டி நிற்காது. களத்துமேட்டில் சில நாள் பழகிய பிறகே ரோட்டுக்கு விட வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, 60,000 என்பது ஓடுகிற வண்டிக்குச் சொல்லும் தோரணை. நம்பகமான பழைய புல்லட் மெக்கானிக் ஒருவரை நேரில் அழைத்துப் போய், செலவுப் பட்டியல் போடச் சொல்லி, அதோடு ஆர்.டி.ஓ. செலவையும் சேர்த்துக் கழித்துக் கேட்க வேண்டும். முன்பணமாக ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து ரசீது எழுதி வாங்கலாம். மீதிப் பணம், வண்டி மகன் பெயருக்கு மாறிய ஆர்.சி. கைக்கு வந்த அன்றைக்கு. அதுவரை வண்டி சாய்ப்பிலேயே நிற்கட்டும். உர மூட்டையை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லலாம்.