மருத்துவர்கள் முரண்படும்போது



“அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள்” என்கிறார் ஒரு மருத்துவர். “இப்போது வேண்டாம், பொறுத்திருந்து பார்ப்போம்” என்கிறார் மற்றொருவர். இருவரும் கற்றவர்கள்; இருவரும் பார்த்தது ஒரே ஸ்கேன் படத்தை. வீடு திரும்பினால் உறவினர் ஒன்று சொல்கிறார்கள், சபையார் வேறொன்று சொல்கிறார்கள். நோயின் வேதனையைவிட இந்தக் குழப்பமே பெரும் பாரமாகிவிடுகிறது. “தேவசித்தம் எது என்று விளங்க எங்களுக்காக ஜெபியுங்கள்” என்று குடும்பத்தார் கேட்கிறார்கள்.

ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் மருத்துவர்களின் கருத்து வேறுபட்டதையே கர்த்தர் தடுக்கிறார் என்பதற்கு அடையாளமாகக் கொள்வது சரியல்ல. சீட்டு எழுதிப் போடுவதும், கண்களை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை விடையாக எடுத்துக்கொள்வதும் விசுவாசம் அல்ல. தீர்மானிக்கும் பொறுப்பைத் தேவன்மேல் சுமத்திவிட்டுத் தப்பிக்கொள்ளும் வழிகளே அவை. ஆராய்ந்து அறியும் புத்தியையும் அவரே நமக்குக் கொடுத்திருக்கிறார்.

நல்ல மருத்துவர்கள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். முதுகெலும்பின் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதால், இடுப்பிலிருந்து கால்வரை கடும் வலி உண்டாகிறது. இந்த வலியோடு 6 முதல் 12 வாரங்களைக் கடந்த 283 பேரை நெதர்லாந்தில் இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு முதலில் அறுவையில்லாத சிகிச்சை, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை. விரைவில் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. காத்திருந்தவர்களில் 100க்கு 39 பேருக்குப் பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் ஓராண்டு நிறைவில் இரு பிரிவிலும் 100க்கு ஏறக்குறைய 95 பேர் தேறியிருந்தார்கள்.

இப்போது அந்த இரண்டு ஆலோசனைகளையும் மறுபடியும் கேளுங்கள். இரண்டிலும் பொய் இல்லை. ஒருவர் சீக்கிரம் கிடைக்கும் நிவாரணத்தைப் பெரிதாக எண்ணினார். மற்றவர் அறுவையின் ஆபத்தைத் தவிர்க்கும் வாய்ப்பைப் பெரிதாக எண்ணினார். உங்களுக்கு எது பெரிது என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவரும், ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவரும் ஒரே நோய்க்கு வெவ்வேறு முடிவெடுக்கலாம். இருவரும் தேவசித்தத்துக்குள்ளேயே இருக்கலாம்.

எனினும் எல்லா வேளையிலும் காத்திருக்க இடமில்லை. அதே டிஸ்க் நோயில் சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழந்தாலும், சிறுநீர் பிரியாமல் நின்றாலும், தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போனாலும், காலின் பலம் குறைந்துகொண்டே வந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். உபவாச ஜெபம் முடியட்டும் என்று அப்போது தாமதிப்பது பக்தி அல்ல. போகும் வழியிலும் ஜெபிக்கலாம்.

ஆகவே இரு மருத்துவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். நோய் இன்னதென்பதிலேயே வேறுபடுகிறார்களா, சிகிச்சையில் மட்டும் வேறுபடுகிறார்களா? நோயைக் குறித்தே வேறுபாடு இருந்தால் அதே துறையின் மூன்றாவது மருத்துவரை நாடுவது நலம். அறுவை செய்யாவிட்டால் அடுத்த சில மாதங்களில் என்ன நடக்கும்? செய்தால், என் வயதுக்கும் சர்க்கரை நோய்க்கும் இருதய நிலைக்கும் ஏற்ப ஆபத்து எவ்வளவு? காத்திருந்தால் எந்த அறிகுறி கண்டவுடன் திரும்பி வரவேண்டும்? செலவு எவ்வளவு? ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மறைக்காதீர்கள். உண்மையான மருத்துவர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார்.

“மருத்துவரைத் தேடிய ஆசா ராஜாவுக்கு நேர்ந்தது தெரியாதா?” என்று சிலர் கேட்கலாம். ஆசாவின் குற்றம் மருத்துவரிடம் போனது அல்ல, கர்த்தரைத் தேடாமல் விட்டது. சுகம் தருவதாகக் கர்த்தரே வாக்களித்த பின்னும், எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை வைத்துக் கட்டப்பட்டதை ஏசாயாவின் புத்தகத்தில் வாசிக்கிறோம். வாக்குத்தத்தமும் மருந்தும் அங்கே பகையாக நிற்கவில்லை.

முரண்பட்ட ஆலோசனையைக் குறித்து அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரம் நமக்கு அதிகம் கற்பிக்கிறது. பவுல் ஆவியில் ஏவப்பட்டு எருசலேமுக்குப் போகிறார். தீருவிலிருந்த சீஷர்களோ ஆவியின் ஏவுதலினால் போகவேண்டாம் என்கிறார்கள். செசரியாவில் அகபு பவுலின் கச்சையால் தன்னையே கட்டிக்கொண்டு வரப்போகும் துன்பத்தைக் காட்டுகிறார். துன்பம் உண்டு என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டார்கள். என்ன செய்வது என்பதில்தான் வேறுபட்டார்கள். போகவேண்டாம் என்று அழுது மன்றாடியவர்களோடு, வைத்தியனாகிய லூக்காவும் இருந்ததை அவர் எழுதியதிலிருந்தே அறிகிறோம். பவுல் அந்த ஆலோசனையை ஏற்கவில்லை. அவர்களோ கர்த்தருடைய சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்து அமர்ந்தார்கள். அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள்: தன் சொல் ஏற்கப்படாத லூக்கா, பவுலோடுகூட எருசலேமுக்குப் பயணப்பட்டார்.

சபையாரே, நம்முடைய கடமை இங்கே இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தவரிடம் “உங்களுக்கு விசுவாசம் குறைவு” என்று சொல்லாதீர்கள். காத்திருக்கத் தீர்மானித்தவரைப் பயமுறுத்தாதீர்கள். சொப்பனம் கண்டேன், தரிசனம் கண்டேன் என்று நோயாளியின் படுக்கையருகே புதிய பாரத்தை இறக்கிவைக்காதீர்கள். ஆலோசனை கேட்டால் ஒருமுறை சொல்லுங்கள். முடிவான பின்பு, உங்கள் சொல் ஏற்கப்படாவிட்டாலும், லூக்காவைப்போல உடன் போங்கள். இரவில் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கவும், இரத்தம் கொடுக்கவும், பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுபோகவும் ஆள் தேவை.

தீர்மானிக்க வேண்டிய நிலையில் இருக்கிற அன்பானவரே, முழு நிச்சயம் வரும்வரை காத்திருந்தால் அது ஒருவேளை வராமலே போகலாம். கேளுங்கள், ஆராயுங்கள், ஜெபியுங்கள், முடிவெடுங்கள். விளைவு நாம் எண்ணியபடி அமையாவிட்டாலும், நேர்மையோடு எடுத்த முடிவு பாவமாகிவிடாது. உங்கள் முடிவு எவ்வளவு சரியானது என்பதில் அல்ல, உங்களைக் கைவிடாத தேவனிடத்திலேயே உங்கள் பாதுகாப்பு இருக்கிறது.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, வியாதிப்படுக்கையில் முடிவெடுக்கத் தவிக்கிற உமது பிள்ளைகளுக்குத் தெளிந்த புத்தியைத் தாரும். மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும். நாங்கள் நியாயம் தீர்க்காமல் துணை நிற்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.