ஃபிஸ்டுலாவுக்கும் ஸ்கேன் வேண்டும்



மாத்தளை மாவட்டத்து வில்கமுவ என்றதும் பத்திரிகைகள் சிறுநீரக நோயையும் குடிநீரையும் பற்றி எழுதுகின்றன. எழுதத்தான் வேண்டும், காரணம் அறியப்படாத அந்த நோய் பரவலாக உள்ள பிரதேசங்களில் அதுவும் ஒன்று. ஆனால் டயாலிசிஸ் வரை போய்விட்ட விவசாயியின் கையைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஊசி ஏற்றுவதற்காக, கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து ஃபிஸ்டுலா வைக்கிறார்கள். விரலை வைத்தால் உள்ளே இரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். அதிர்வு குறைந்தால் பெரும்பாலும் நாளம் சுருங்குகிறது. முற்றாக அடைபட்டால் கழுத்தில் குழாய்தான்; கிருமித் தொற்று அபாயமும் கூடவே வரும்.

டொப்ளர் ஸ்கேன் இந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே காட்டிவிடும். கதிர்வீச்சில்லை, தோலில் ஜெல் பூசிப் பார்ப்பதுதான். முதிர்ந்த ஃபிஸ்டுலாவில் நிமிடத்துக்குச் சுமார் 600 மில்லிலீற்றராவது ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஓட்டம் சரியும்போதே பிடித்தால் பலூன் வைத்து விரிக்கலாம்.

பொலன்னறுவையில் 2021இல் சிறுநீரக நோய்க்கென்றே பெரிய வைத்தியசாலை திறந்தார்கள். நல்லது. ஆனால் வில்கமுவவின் ஹெட்டிபொல பக்கத்து நோயாளிக்கு ஒரு ஸ்கேனுக்காக வெளியூர் போவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். கையில் தூக்கிச் செல்லும் டொப்ளர் கருவிகள் இப்போது உண்டு. மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களம் பயிற்சி பெற்ற ஒருவருடன் அப்படியொரு கருவியை மாதம் ஒருமுறையாவது வில்கமுவவுக்கு அனுப்ப வேண்டும்.

ஃபிஸ்டுலா வைத்திருப்பவர்கள் தினமும் காலையில் அதிர்வைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

– ஒரு வாசகர், மாத்தளை