தாழி நெல்லும் வகுப்பறைக் கேள்வியும்

ஒன்றை எதைக் கொண்டு உண்மை என்கிறோம், எந்த அளவுகோலால் நியாயம் என்கிறோம் என்று கேட்டு, சொல்லும் விடைக்குக் காரணம் காட்டும் பழக்கமே மெய்யியல் சிந்தனை. பள்ளிப் பருவத்திலேயே அதைப் பழக்கலாம். அமெரிக்க அறிஞர் மாத்யூ லிப்மன் சிறுவருக்கென மெய்யியல் கதைகள் எழுதி, 1974இல் நியூஜெர்சியின் மாண்ட்கிளேரில் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். தமிழ் மரபிலும் இதற்கு வேர் உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டவனுக்கும் கால் பங்கே கிட்டும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை என்று நன்னூல் கணக்கே போட்டுவிட்டது. இன்றைய வகுப்பறைகள் பெரும்பாலும் அந்த முதல் காலோடு நின்றுவிடுகின்றன.

தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் வட்டாரப் பள்ளிகள் இதற்கான பாடப்பொருளை வெளியே தேட வேண்டியதில்லை. பக்கத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல், கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 1155ஆம் ஆண்டு அளவினது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பெருமையோடு மனப்பாடம் செய்யப்படும் அந்த எண்ணை வகுப்பில் பிரித்துப் பார்க்கலாம். ஆய்வகம் சொன்னது நெல்லின் வயதையா, தாழியின் வயதையா? நெல்லை வைத்தவர் மறுபிறப்பை நம்பினார் என்று சொல்வது சான்றா, ஊகமா? ஒரு பொருளைப் பார்த்து, இறந்துபோனவரின் எண்ணத்தை அறிய முடியுமா? பலகையில் ‘தெரிந்தது’, ‘ஊகித்தது’ என இரண்டு பத்தி போட்டுப் பிள்ளைகளே நிரப்பலாம். 2023இல் ஆதிச்சநல்லூரில் திறக்கப்பட்ட அகழாய்வுத் தள அருங்காட்சியகத்துக்கு இந்தக் கேள்விகளோடு போகும் பிள்ளை தாழியைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

நியாயத்தைப் பற்றிய பாடத்தைத் தாமிரபரணி ஆறே கொண்டுவந்து போட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் துண்டிக்கப்பட்டுத் தத்தளித்தது. பின்னர், கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும் மற்றவற்றுக்கு 1,000 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன. வட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு இழந்தவருக்கும் இந்தப் பக்கம் முற்றம் மட்டும் நனைந்தவருக்கும் இந்தக் கோடு நியாயமா? படகில் இருபது சோற்றுப் பொட்டலம், கரையில் முப்பது குடும்பம் என்றால் யாருக்கு முதலில்? ‘சரி’ என்பவர் ஒரு சுவரோரம், ‘தவறு’ என்பவர் எதிர்ச்சுவரோரம் நிற்கட்டும். எதிர்த்தரப்பின் காரணம் மனத்துக்குப் பட்டால் இடம் மாறலாம். மாறியவர் தம்மை மாற்றிய காரணத்தைச் சொல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைத் தண்ணீர் வாழைக்கா, தூத்துக்குடி ஆலைக்கா என்ற வழக்கையும் இப்படியே எடுக்கலாம். தோற்காமல் கருத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை உடம்பாலேயே உணர்த்தும் பயிற்சி இது. பட்டிமன்றத்தில் அதற்கு இடமில்லை.

நீதிபோதனை வகுப்பு போதாதா என்பார்கள். அது விடையைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொல்வது. இங்கே ஆசிரியருக்கே முடிவு தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் எதிர்த்துப் பேசப் பழகிவிடுவார்கள் என்ற பெற்றோரின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அடுத்தவர் சொன்னதை அவரே ஒப்பும்படி திருப்பிச் சொன்ன பிறகே மறுக்கலாம் என்ற ஒரு விதி, எதிர்ப்பை மரியாதையுள்ள பேச்சாக்கிவிடும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் பாதிப் பேர் உள்வட்டத்தில் பேசட்டும். வெளிவட்டத்தார் காரணங்களைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் உள்ளே வரட்டும்.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளையைப் பள்ளிக் கல்வித்துறை இதற்கு ஒதுக்க வேண்டும். ஏரல் வட்டப் பள்ளிகளில் தொடங்கலாம். விடை சொல்லாமல் கேள்வியை வளர்க்கும் கலை எளிதில் வராது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், அவர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க நேரமும் தர வேண்டும். தேர்வு மட்டும் கூடாது. மதிப்பெண் வந்தால் வினா-விடைக் கையேடும் வந்துவிடும். தாழி நெல்லுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் தலா ஒரு பத்தியைப் பிள்ளைகள் உருப்போடத் தொடங்குவார்கள்.