அவங்களுக்கும் ஒரு பேர் இருக்கு

எங்க மங்கலம்பேட்டைப் பக்கம் ஒருத்தரை அடையாளம் சொல்லணும்னா முதல் கேள்வி, "யாரு மவன்?" அதுலயும் புரியலைன்னா, "ஆள் எப்படி இருப்பான்?" இந்த ரெண்டாவது கேள்வியிலதான் சிலருக்குப் பேரே போயிடுது. காது கேட்காதவர் செவிடன். பேச்சு வராதவர் ஊமையன். நூறு நாள் வேலை அட்டையில இருக்கிற பேர் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

கேட்டா, "கெட்ட எண்ணத்துல சொல்லலப்பா, ஊரே அப்படித்தான் கூப்பிடுது" என்பார்கள். "அவனுக்குத்தான் கேட்காதே" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. அவருக்குக் கேட்காதுதான். "ஊமையன் மவ"ன்னு பள்ளிக்கூடத்துல கூப்பிடுறது அவர் பொண்ணுக்குக் கேட்குமே.

பேரோட இது நிக்கிறதில்லை. மல்லாட்டை பிடுங்க (நிலக்கடலைக்கு எங்க பக்கம் அதுதான் பேர்) ஆள் கூப்பிடுறப்ப, கூலியை அவர்கிட்ட பேச மாட்டாங்க, கூட வந்த தம்பிகிட்ட பேசுவாங்க. மருந்துக்கடையில சீட்டை நீட்டுறவர் அவர். மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு சொல்றது பக்கத்துல நிக்கிறவருக்கு. யாரும் திட்டல, அடிக்கல. ஆனா அவர் அங்க இல்லாத மாதிரியே எல்லாம் நடக்கும்.

"ஊமை"ங்கிற சொல்லே பாதி தப்பு. பெரும்பாலானவங்களுக்குத் தொண்டையில ஒரு குறையும் கிடையாது. பிறவியிலேயே காது கேட்காததால, பேச்சைக் கேட்டுப் பழக வழியில்லாம போச்சு. அதனால கையாலயும் முகத்தாலயும் பேசுறாங்க. அதுவும் மொழிதான்.

கட்டபொம்மனின் தம்பியைப் பாருங்க. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிச்சுப் போட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பி, மே மாசம் வரைக்கும் கம்பெனிப் படைக்கு ஈடுகொடுத்தவர். எதிர்ப்பக்கம் நின்ன ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற அதிகாரி, அவர் காது கேளாதவர், பேச்சு வராதவர் என்று எழுதியிருக்கிறார். சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை உள்ளங்கையில அடுக்கி அதை வெள்ளைக்காரன் படைன்னு காட்டுவாராம். இன்னொரு கையால அதை அப்படியே வழிச்சுத் தள்ளுவாராம். தாக்கச் சொல்லி உத்தரவு அதுதான். ஒரு படைக்கே புரிஞ்ச சைகை அது. இன்னைக்கும் நமக்கு அவர் ஊமைத்துரைதான். குமாரசாமிங்கிற பேரை எத்தனை பேர் சொல்றோம்?

பட்டணத்துல இருக்கிற நீங்க இது கிராமத்து வழக்கம்னு ஒதுக்கிட வேண்டாம். "செவிடன் காதில் ஊதின சங்கு"ன்னு டிவி விவாதத்துல பேசுறவங்க எங்க ஊர்க்காரங்க இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. நல்ல சட்டம். ஆனா தினமும் தெருவில பார்க்கிற சொந்த ஊர்க்காரன் மேல யார் புகார் கொடுப்பாங்க? "மாற்றுத்திறனாளி"ங்கிற வார்த்தையும் மனுவுக்குச் சரி. திண்ணையில உட்கார்ந்திருக்கிற ஆளைக் கூப்பிட அது உதவாது. அதுக்குப் பேர்தான் வேணும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க இல்ல? அவர் முகத்துக்கு நேரா நின்னு பேசுங்க. படிக்கத் தெரிஞ்சவர்னா போன்ல டைப் பண்ணிக் காட்டுங்க. பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, அடுத்தவங்ககிட்ட அவரைப் பத்திச் சொல்றப்ப அந்தப் பேரையே சொல்லுங்க. நாலு பேர் சொன்னா ஊரும் சொல்லும்.