ஓடுதுல்ல, அப்புறம் என்ன?

பி.காம் படிக்கிறவனுக்கு பக் டிராக்கரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்கு வேலைதான். மென்பொருளின் வழுக்களைப் பதிந்து வைத்து, எது தீர்ந்தது, எது நிலுவை என்று காட்டும் பேரேடுதானே அது!

அதிலிருந்து தானாகப் பட்டியல் எடுக்க ஸ்கிரிப்ட் எழுதுகிற நம்ம மக்களில் பலர் இன்னமும் ஸ்கிரேப்பிங்கை விடுவதாயில்லை. மனிதர் பார்க்கப் போட்ட வலைப்பக்கத்தைப் பிறாண்டி, மூன்றாவது கட்டத்தில் இருப்பது நிலை, நாலாவதில் இருப்பது பொறுப்பாளர் பெயர் என்று ஊகித்து எடுப்பது. ஏபிஐ இருக்கேப்பா என்றால், "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"

ஓடுவதுதான் பிரச்சினையே. நின்று போனால் சரி செய்துவிடலாம். தளத்துக்காரர் பட்டியலை இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டால், ஸ்கிரிப்ட் முதல் பக்கத்தை மட்டும் எண்ணிவிட்டு, நிலுவை குறைந்துவிட்டது என்று சந்தோஷமாக ரிப்போர்ட் கொடுக்கும். முதல் வருஷ அக்கவுண்டன்சியிலேயே படித்தோமே, ஒரு பரிவர்த்தனையை அடியோடு பதியாமல் விட்டாலும் டிரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும் என்று. அதே கதை.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும் தண்ணீருக்குக் கன அடிக் கணக்கு உண்டு, ஷட்டர் வழியாகப் போவதால். ராத்திரியில் வாய்க்கால் கரையை வெட்டி எடுத்த தண்ணீருக்கு ஏது கணக்கு? கடைமடையில் பயிர் காயும்போதுதான் தெரியும். ஏபிஐ என்பது மதகு. நிலை, பொறுப்பாளர் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பெயரோடு பதில் வரும். பக்கத்தின் தோற்றத்தை எத்தனை முறை மாற்றினாலும் அதற்குக் கவலையில்லை.

இது புதுசும் இல்லை. 1998-இல் பிறந்த பக்ஸில்லா, 2007-இல் 3.0 பதிப்பிலேயே எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வழியைத் திறந்தது. 2015-இல் 5.0 பதிப்பில் ரெஸ்ட் வந்தது. உபுண்டு தன்னார்வலர்களும் லாஞ்ச்பேட் பக்கங்களைப் பிறாண்டிக்கொண்டிருந்த பைத்தான் நிரலை விட்டுவிட்டு, ஏபிஐ வந்ததும் லாஞ்ச்பேட்லிப் பக்கம் போனார்கள்.

"மதகுச் சாவி அவன் கையில்தானே?" என்று மடக்குவார்கள். நியாயமான கேள்வி. 2023-இல் ட்விட்டர் இலவச ஏபிஐயை மூடியது. அதே வருஷம் ரெடிட் வைத்த கட்டணத்தில் அப்போலோ என்ற செயலி கடையைக் கட்டியது. சாவி மேலே இருப்பவன் கையில் இருந்தால் என்னாகும் என்று டெல்டாக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் :-) அதற்காகக் கரையை வெட்டுவதா? நாமே நிறுவிக்கொள்ளக்கூடிய டிராக்கரைத் தேர்ந்தெடுங்கள். பக்ஸில்லா கட்டற்ற மென்பொருள். லாஞ்ச்பேட் நிரலும் 2009-இல் திறக்கப்பட்டுவிட்டது.

ஸ்கிரேப்பர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே டிராக்கர் காட்டும் நிலுவை எண்ணிக்கையையும் உங்கள் ஸ்கிரிப்ட் சொல்வதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் சொல்லுங்க, ஏபிஐக்கு மாற்ற நானும் கூட உட்கார்கிறேன். டீ உங்கள் செலவு.